முற்றும் எச்சமும்: ஆங்கில வாக்கியத்தின் எல்லை

நம் மாணாக்கர் எழுதும் ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்துவோர் சிவப்பு மையால் ஏட்டின் ஓரத்தில் அடிக்கடி வரையும் குறிப்புக்களுள் 'ரன்-ஒன்' என்பது ஒன்று. நிற்க வேண்டிய இடத்தில் நில்லாது ஓடிச் செல்லும் வாக்கியம் என்பது அதன் பொருள். இதனை 'ஓட்டவாக்கியம்' என ஈண்டு வழங்குவாம். குறிப்பைக் கண்ட மாணாக்கன் ஆசிரியரை அணுகி வினவுவானாயின், "வாக்கியம் நீண்டுவிட்டது, குறுக்கி எழுது" என்னும் விடையே பெரும்பாலும் அவனுக்குக் கிடைக்கும். அவ்விடை பொருந்தாது என்பதும், இக்குற்றத்தின் வேர் நம் தாய்மொழியின் வாக்கிய அமைப்பிலேயே கிடக்கின்றது என்பதும், அவ்வேரை அறிந்தவனுக்கு இதனைக் களைதல் எளிது என்பதும் இக்கட்டுரையிற் காட்டப் புகுவன.

நீளம் குற்றமாயின் கிபன் என்னும் ஆசிரியர் 1776 முதல் 1788 வரை வெளியிட்ட உரோமப் பேரரசின் வரலாறு முழுவதும் குற்றமாகும். அவருடைய வாக்கியங்கள் அரைப்பக்கம் ஓடுவனவும் உள. அவற்றுள் ஓட்டவாக்கியம் என்று சுட்டத்தக்கது அரிது. மறுதலையாக, ஏழெட்டுச் சொற்களே கொண்ட வாக்கியமும் இக்குற்றத்திற்கு ஆளாகலாம். 'தி ரெயின் கேம், தி றோட் வோஸ் குளோஸ்ட்' என்பது அளவாற் சிறியது, ஆயினும் ஓட்டவாக்கியமே. தனித்தனியே முடிந்து நிற்கவல்ல இரு வாக்கியங்களை, இணைக்கும் இடைச்சொல்லும் இன்றி, முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ இன்றி, காற்புள்ளி ஒன்றையே சாந்தாகப் பூசி ஒட்டிவிடுதல் இதன் இலக்கணம். அக்காற்புள்ளியும் இன்றிச் சேர்த்தெழுதுதல் இதனினும் இழிந்த வகை. ஆகவே அளக்க வேண்டியது நீளத்தை அன்று. எத்தனை முற்றுக்கள் உள்ளன, அவை எதனாற் கட்டுண்டன என்பதையே.

இஃது ஏட்டுச் சுரைக்காய் ஆராய்ச்சி என்று எண்ணுவார் உளராயின், அவர்பொருட்டு ஒரு கடிதத்தைக் காட்டுவல்.

கண்டியிலிருந்து வத்துகாமம், பன்விலை வழியாக நக்கிள்ஸ் மலைச்சாரலுக்கு ஏறுவோர் மடுல்கெல்லையைக் காண்பர். தேயிலை மலைகளும், அவற்றிடையே லயங்களும், மாலையில் இறங்கும் பனிமூட்டமும் கொண்ட ஊர் அது. அவ்வூர்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் உழைத்து ஓய்ந்த ஒருவருடைய மகன், தந்தைக்குச் சேரவேண்டிய சேவைக்காலப் பணத்தின் பொருட்டு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி, அனுப்புமுன் திருத்துமாறு என்னிடங் கொணர்ந்தார். உயர்தரம் வரை பயின்றவர், எழுத்து அழகியது, சொற்பிழை ஒன்றேனும் இல்லை. கடிதத்தின் நடுப்பகுதி இவ்வாறு சென்றது: 'மை ஃபாதர் வேர்க்ட் இன் தி லோவர் டிவிஷன், இன் 1986 ஹி வோஸ் சிக், ஹி கேம் பாக் டு வேர்க், ஆஃப்டர் டூ யியர்ஸ் ஹிஸ் நேம் வோஸ் என்ட்டர்ட், தி கார்ட் வோஸ் லொஸ்ட்.'

இதனை யான் இருமுறை படித்தேன். இரு முறையும் இரு வேறு கதைகள் தோன்றின. தந்தை நோயுற்று, இரண்டு ஆண்டு கழித்து வேலைக்குத் திரும்ப, அப்பொழுது அவர் பெயர் செக்ரோலிற் பதியப்பட்டது என்பது ஒரு கதை. நோய் தீர்ந்து விரைவில் அவர் திரும்பினார். ஆயின் இரண்டு ஆண்டு சென்றபின்னரே பெயர் பதிந்தனர் என்பது மற்றையது. 'ஆஃப்டர் டூ யியர்ஸ்' என்னுந் தொடர் இரு காற்புள்ளி வாக்கியங்களுக்கு இடையே, எக்கரையையுஞ் சாராத ஓடம் போல மிதந்து நின்றது. 'இன் 1986' என்பதும் அத்தகையதே. கீழ்ப்பிரிவில் வேலை செய்தது 1986இலா, நோயுற்றது 1986இலா?

மகனை வினவினேன். அவர் தமிழிற் சொன்ன விடை ஒரே மூச்சில் வந்தது: "அப்பா கீழ்ப்பிரிவிலே வேலை செய்துகொண்டிருந்து, எண்பத்தாறிலே நோயாய்க் கிடந்து, ஒரு மாதத்திலேயே எழும்பி வந்து கைக்காசுக்கு வேலை செய்ய, இரண்டு வருஷங் கழித்துத்தான் பேர் பதிந்தாங்க, அந்தக் கார்டும் தொலைந்துபோச்சு." இவ்விடையில் ஐயத்துக்கு இடமே இல்லை. ஒரு மாதம் என்பதனை அவர் கடிதத்தில் எழுதவும் இல்லை. கைக்காசு என்பதும் விடுபட்டது. எனினும் இடம்பெற்ற சொற்களேனும் உரிய இடத்தில் நின்றிருப்பின் இரண்டாண்டு இடைவெளி என்னும் பொய்க்கதை பிறந்திராது.

இதனால் வருவது யாது? 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, ஐந்து ஆண்டு சேவையை நிறைவு செய்த தொழிலாளி நிறைவுற்ற ஆண்டு ஒவ்வொன்றுக்கும் 14 நாட் சம்பளம் பெறுதற்கு உரியவர். மாதச் சம்பளம் பெறுவோர்க்கு அஃது ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளமாகும். ஆகவே கைக்காசில் உழைத்த ஈராண்டும் கணக்கிற் சேருமோ சேராதோ என வழக்காடுதற்கு முன்னரே, அவர் அவ்வீராண்டும் வேலைக்கே வரவில்லை என்று அவர் மகனே எழுதிக் கொடுத்தவாறாகும். ஒரு காற்புள்ளியின் விலை 28 நாட் கூலி! அதனோடு, சேவை தொடர்ந்தது என்னும் வாதமும் வலியிழக்கும்.

தமிழிலேயே எழுதியிருக்கலாகாதா என்று வினவுவார் வினவுக. எழுதியிருக்கலாம். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தின் பின்னர்த் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியே. ஆயினும் மலைநாட்டு இளைஞர், ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் மேசை விட்டு மேசை விரைந்து செல்லும் என நம்புகின்றனர். அந்நம்பிக்கை முற்றிலும் ஆதாரமற்றது என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

மலையகத்தார்க்கு ஆங்கில எழுத்தோடு உள்ள உறவு இன்று நேற்றுத் தோன்றியதன்று. அது பெரும்பாலும் மனு எழுதுவோர் வாயிலாக வந்த உறவு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டு மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அடுத்த ஆண்டில் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ், 1951 ஆகஸ்டு வரைக்கும் ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் சென்றன. அவை எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரைக் குறித்தன. மணமானவராயின் 1946 ஜனவரி 1ஆந் திகதிக்கு முன் ஏழாண்டும், மணமாகாதவராயின் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வதிந்தமையைக் காட்டுதல் வேண்டும். 'இடையறாது' என்னும் அவ்வொரு சொல்லில் ஒரு குடும்பத்தின் வாழ்வு தங்கியிருந்தது. திருச்சிக்கோ புதுக்கோட்டைக்கோ ஒரு திருமணத்துக்குச் சென்று மீண்டவர், எப்பொழுது சென்றார், எப்பொழுது மீண்டார், அவ்விடைக்காலத்தில் யார் லயத்தில் இருந்தார் என்பவற்றைத் தெளிவுற எழுத வேண்டியவரானார். அரச அலுவல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்த காலம் அது. அவ்விண்ணப்பங்களுள் மிகப் பலவும் தள்ளுண்டமைக்குக் காரணம் சட்டமும் அதனை நடத்திய மனப்பாங்குமே. வாக்கியப் பிழை என்று கூறுதல் அநியாயமாகும். எனினும் காலமும் வினைமுதலும் உயிர்நிலையான எழுத்து வகை ஒன்று உண்டு என்பதனை அவ்வரலாறு நமக்குக் காட்டுகின்றது. மேலே கண்ட மகனின் கடிதமும் அவ்வகையினதே.

இனி, நன்கு கற்ற ஒருவர் இங்ஙனம் எழுதுதற்குக் காரணம் யாதென ஆராய்வாம்.

தமிழில் ஒருவர் செய்த பல செயல்களைக் கூறுங்கால், இறுதிச் செயலொன்றையே வினைமுற்றாற் கூறி, ஏனையவற்றை எச்சமாகக் கூறுதல் இயல்பு. 'எழுந்து, குளித்து, தேநீர் அருந்தி, பெரட்டுக்குச் சென்றான்' என்பதில் நான்கு செயல், முற்று ஒன்றே. ஆங்கிலத்தில் இந்நான்கும் முற்றாகவே வருதல் பெருவழக்கு. அவற்றைக் கட்டுதற்கு 'அண்ட்' என்னும் இடைச்சொல் வேண்டும். தமிழிலோ ஒரு வினைமுற்றையும் மற்றொரு வினைமுற்றையும் அவ்வாறு இணைத்தற்குத் தனிச்சொல் இல்லை. 'உம்' பெயர்களை இணைக்கும், எச்சங்களையும் இணைக்கும், 'எழுந்தானும் சென்றானும்' என முற்றுக்களை இணையாது. அவ்விணைப்பு வேலையை எச்சவிகுதியே செய்துவிடுகின்றது. ஆதலின் தமிழன் நாவுக்கு 'அண்ட்' என்பது மிகையாகத் தோன்றுகின்றது. எச்சங்களை ஒவ்வொன்றாக ஆங்கில முற்றுக்களாக மாற்றுகின்றான். இணைப்பு மாத்திரம் பெயர்க்கப்படாது விடுபடுகின்றது. விடுபட்ட இடத்தில், எச்சத்தின் பின் நாம் மூச்சு விடும் சிறு தயக்கமே காற்புள்ளியாகப் போய் உட்காருகின்றது. நம்மவர் ஓட்டவாக்கியத்தின் பிறப்பு இதுவே.

இதனை நம் பழைய இலக்கணகாரர் எவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்துள்ளனர் என்பது வியத்தற்குரியது. தொல்காப்பியர் வினையியலில் வினையெச்ச வாய்பாடுகளை எண்ணி, அவற்றுள் 'செய்து' முதலாய முதல் மூன்றும் தம் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என்றார். 'செய' முதலாய ஏனையவை தம் வினைமுதல் வினையையும் பிறிதொன்றன் வினையையும் கொள்ளும் என்றார். பின்னர், எச்சங்கள் பலவாக அடுக்கி வரினும் இறுதியில் நின்றது முடியவே முன்னின்றனவும் பொருளால் முடிந்தனவாகும் என வகுத்தார். மகன் கூறிய விடையை இவ்விதிகளோடு ஒப்பிட்டு நோக்குக. 'கிடந்து', 'எழும்பி', 'வந்து' என்பன 'செய்து' என்னும் வாய்பாட்டின. ஆகவே கிடந்தவரும் எழும்பியவரும் வந்தவரும் ஒருவரே. 'வேலை செய்ய' என வந்தவுடன் கேட்போன் செவி விழிப்படைகின்றது: வினைமுதல் மாறப்போகின்றது. மாறுகின்றது, பெயர் பதிந்தோர் பிறர். ஆங்கில எழுத்தாளன் பிரதிப்பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் செய்யும் வேலையை நாம் ஓர் விகுதியாற் செய்துவிடுகின்றோம்.

இன்னும் ஒன்று உண்டு. இதுவே இவ்வாராய்ச்சியின் நடுநாடி என்பேன். தமிழ் உரைநடையில் வினைமுற்று இறுதியில் நிற்கும். காலமும் இடமும் கருவியுங் கூறுஞ் சொற்கள் யாவும் அதன் முன்னரே வந்து அமர்ந்துவிடும். 'இரண்டு வருஷங் கழித்துப் பெயர் பதிந்தார்கள்' என்பதிற் 'பதிந்தார்கள்' என்றவுடன் கதவு சாத்தப்படுகின்றது. அதன்பின் வருவது யாதாயினும் அஃது அடுத்த வாக்கியத்துக்கே உரியது. எனவே தமிழில் வினைமுற்றே முற்றுப்புள்ளி. ஏட்டுச்சுவடிகள் புள்ளியும் இடைவெளியும் இன்றி எழுதப்பட்டும், பயின்றவர் அவற்றைத் தடையின்றிப் படித்தமைக்கு இது பெருந்துணையாயிற்று. ஆங்கிலத்திலோ வினை நடுவில் நிற்கின்றது. செயப்படுபொருளும் காலமும் இடமும் அதன் பின்னே வால்போல நீளும்; காலமும் இடமும் முன்னே தலைபோலவும் வரும். ஒரு வாக்கியத்தின் வாலும் அடுத்ததன் தலையும் ஒரே வகைச் சொற்களாதல் கூடும். 'ஹி கேம் பாக் டு வேர்க்' என்பதன் வாலா, 'ஹிஸ் நேம் வோஸ் என்ட்டர்ட்' என்பதன் தலையா என்று 'ஆஃப்டர் டூ யியர்ஸ்' நமக்கு எவ்வாறு சொல்லும்? சொல் சொல்லாது, புள்ளியே சொல்லுதல் வேண்டும். ஆகவே ஆங்கிலத்தில் முற்றுப்புள்ளி அணியாக அமைந்ததன்று. வாக்கியத்தின் உறுப்பு அது. நம் மாணாக்கன் அதனை உறுப்பென உணராமைக்குக் காரணம், தன் மொழியில் அவ்வுறுப்பின் தொழிலை வினைமுற்று செய்து வருதலே.

வினைமுற்றே எச்சப்பொருளில் வருதலும் தமிழில் உண்டு. 'சென்றனன் கண்டான்' என்புழிச் 'சென்றனன்' வடிவால் முற்று. பொருளாற் 'சென்று' என்னும் எச்சம். இதனை முற்றெச்சம் என்பர். பவணந்தி முனிவரும் நன்னூலில் இதற்கு விதி கூறினார். ஆங்கில ஓட்டவாக்கியத்தை நோக்குமிடத்து, அது முற்றெச்சத்தின் உடன்பிறப்பாகவே தோன்றுகின்றது: 'ஹி கேம், ஹி சோ' என்று எழுதுகிறவன் முதல் வினையை எச்சமாகவே கருதி எழுதுகின்றான். வேறுபாடு யாதெனின், தமிழில் அதற்கு இலக்கண உரிமை உண்டு. பெரும்பாலும் செய்யுளில் வழங்கும். வினைமுதலும் ஒன்றாகவே இருக்கும். ஆங்கில உரைநடை அவ்வுரிமையை வழங்கவில்லை. இலக்கண உரிமை ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குக் கடவுச்சீட்டின்றிச் செல்லாது.

நம் மரபு ஒற்றை முற்றுக்கு அளித்த பெருமையும் ஈண்டு நினையத்தக்கது. செய்யுள் வகை கூறும் தண்டியலங்காரம், தனித்து முடிவதனை முத்தகம் என்றும், பல பாட்டுத் தொடர்ந்து சென்று ஒரு வினை கொண்டு முடிவதனைக் குளகம் என்றும் பெயரிட்டது. பல பாட்டுக்கு ஒரு வினைமுற்று! இத்தகைய பயிற்சியுடைய செவி, முற்று வரும்வரை காத்திருத்தலைச் சுமையாகக் கருதாது, இன்பமாகவே கருதும். ஆங்கிலச் செவிக்கு அப்பொறுமை பழக்கமன்று.

உரைநடையில் இக்காத்திருப்பை ஒழுங்கு செய்தவருள் தலையாயவர் நல்லூர் ஆறுமுகநாவலர் (1822–1879). பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த காலத்தில் ஆங்கில உரைநடையின் கட்டுக்கோப்பை அவர் அருகிருந்து கண்டவர். காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி முதலிய குறிகளைத் தமிழ் உரைநடையிற் பரக்க வழங்கிய முன்னோடிகளுள் அவர் ஒருவர். 1852இல் வெளிவந்த பெரியபுராண வசனத்தைத் திறந்து பார்ப்போர், நீண்ட எச்சத் தொடர்களைக் காண்பர். ஆயினும் எச்சத்தின்பின் காற்புள்ளி, முற்றின்பின் முற்றுப்புள்ளி என்னும் நெறி அவர்பால் உறுதியானது. அவர் ஆங்கிலத்தினின்று குறியைக் கொண்டார். வாக்கிய அமைப்பைக் கொள்ளவில்லை. நம் மாணாக்கர் செய்வது இதற்கு நேர்மாறு: தமிழ் அமைப்பை ஆங்கிலத்துட் கொண்டுபோகின்றனர், நாவலர் அரும்பாடுபட்டுக் கொணர்ந்த குறியை மறந்துவிடுகின்றனர். அவருடைய பாலபாடங்களைப் பயின்று, அதன்பின் ஆங்கிலம் பயின்ற பழைய தலைமுறையாரிடம் இக்குற்றம் குறைவாயிருந்தது என்பது என் எண்ணம். இதனை நிறுவுதற்கு என்னிடம் அவ்வுபாத்தியாயர்களின் சில கடிதங்களைப் படித்த நினைவன்றி வேறு சான்றில்லை.

அற்றேல், ஆங்கில ஆசிரியரே இவ்வாறு எழுதியுள்ளனரே என்பார்க்கு விடை கூறுதல் வேண்டும். டிக்கன்ஸ் 1859இல் எழுதிய 'இரு நகரங்களின் கதை' என்னும் நாவலின் தொடக்க வாக்கியம், முடிந்த வாக்கியங்கள் பலவற்றைக் காற்புள்ளிகளாலேயே தொடுத்துச் செல்வது. சீசர் தம் வெற்றியை மூன்றே வினைமுற்றாற் கூறியதாகச் சொல்லப்படும் கூற்றும், ஆங்கிலத்தில் எழுதப்படுங்கால் காற்புள்ளிகளாலேயே பிரிக்கப்படும். உண்மையே. ஆனால் இவ்விரண்டிடத்தும் வாக்கியங்கள் ஒரே அச்சில் வார்த்தவை, சிறியன, ஒன்றன் வால் மற்றொன்றன் தலையோடு மயங்குதற்கு வழியில்லாதன. ஸ்ட்ரங்க் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1918இல் அச்சிட்ட சிறுநூலில், தனிவாக்கியங்களைக் காற்புள்ளியால் இணைக்கலாகாது என விதித்துவிட்டு, மிகக் குறுகியனவும் ஒத்த வடிவினவுமாயின் இணைக்கலாம் என விலக்குங் கூறினார். 1959இல் வைட் அந்நூலைப் புதுக்கியபொழுதும் அவ்விதி நிலைத்தது. ஆகவே டிக்கன்ஸைச் சான்று காட்டுவோர், விலக்கை விதியாகக் கொள்கின்றனர். மடுல்கெல்லைக் கடிதத்தின் ஐந்து உறுப்புக்களில் எவையேனும் இரண்டு ஒரே அச்சில் வார்த்தனவோ?

பிழையை நீக்கப் பாடப்புத்தகங்கள் கூறும் வழிகளை நம் மாணாக்கர் கையாளும் முறையும் ஆராயத்தக்கதே. முற்றுப்புள்ளி இட்டுப் பிரித்தல் எளிய வழி. அதனை எல்லா இடத்தும் கையாளுபவன் நடை, வண்டிச் சில்லிற் கல் இடறுவது போல இடறும். எனினும் கந்தோருக்கு எழுதுங் கடிதத்தில் இடறுதல் குற்றமாகாது, மயங்குதலே குற்றம். 'அண்ட்' சேர்த்தல் அடுத்த வழி. இதிலும் அளவறிதல் வேண்டும். ஐந்து 'அண்ட்' கொண்ட வாக்கியம் இலக்கணத்தால் வழுவன்று, செவியால் வழு. அரைப்புள்ளி மிக அருமையான கருவி. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகரத்து அச்சாளர் ஆல்டஸ் மனுசியஸ் அதனை அச்சேற்றிய காலந்தொட்டு, முடிந்தும் முடியாத உறவைக் காட்டுதற்கு அதனினும் நுண்ணிய குறி கண்டுபிடிக்கப்படவில்லை. நம் மாணாக்கர் அதனைப் பரீட்சை மண்டபத்திற்கு வெளியே தொடுவதில்லை.

இணைப்பு இடைச்சொல் என மயங்கி ஏமாறும் ஓரிடம் உண்டு. 'தேர்ஃபோர்', 'ஹவ்எவர்' என்பன தமிழில் 'ஆகையால்', 'ஆயினும்' எனப் பெயர்க்கப்படுகின்றன. பெயர்ப்பைக் கண்டு அவை வாக்கியங்களைக் கட்டும் ஆற்றலுடையன என மாணாக்கன் கருதுகின்றான். அவற்றின் முன் காற்புள்ளி இட்டுத் தொடர்கின்றான். அவை வினையுரிச்சொற்கள்; 'பட்', 'ஸோ' என்பன போலக் கட்டுந் தொழில் அவற்றுக்கு இல்லை. முன்னே முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும். உயர்வகுப்பு மாணாக்கரின் ஓட்டவாக்கியங்களுட் பெரும்பகுதி இவ்விரு சொற்களின் முன்னரே நிகழ்தலை எவரும் ஒரு கட்டு விடைத்தாளைத் திருத்திக் காணலாம்.

எச்சத்தையே ஆங்கிலத்திலும் எச்சமாக எழுதுதல் நம்மவர்க்கு மிகவும் உவப்பான வழி. 'ஹாவிங்' என்னுஞ் சொல்லைத் தலையில் வைத்தால் 'செய்து' என்பது கிடைத்துவிடும் என நாம் கற்பிக்கின்றோம். உடனே புதியதொரு பிழை முளைக்கின்றது: 'ஹாவிங் ரீச்ட் தி லயின்ஸ், தி ரெயின் ஸ்டார்ட்டட்.' லயத்தை அடைந்தது யார்? மழையா? இதனை ஆங்கில இலக்கண நூலார் தொங்கும் எச்சம் என்று பெயரிட்டுப் பல பக்கம் விளக்குவர். நம் மாணாக்கனுக்கு அத்துணை விளக்கம் வேண்டுவதில்லை. "லயத்தை அடைந்து மழை தொடங்கிற்று" என்று தமிழிற் சொல்லிக் காட்டுக. வகுப்பு முழுவதும் நகைக்கும். நான்காம் வகுப்புப் பிள்ளையும் அவ்வாறு பேசாது. 'அடைய' என்றே திருத்தும். 'செய்து' தன் வினைமுதலையே நாடும், 'செய' பிறிதையும் ஏற்கும் என்னும் தொல்காப்பிய விதி அப்பிள்ளையின் இரத்தத்தில் ஓடுகின்றது. அவ்விதி அப்படியே ஆங்கில எச்சத்துக்குப் பொருந்தும்: தலையிலுள்ள எச்சம் வாக்கியத்தின் எழுவாயையே நாடும். இவ்வொரு வாயிலைத் திறந்துவிட்டால் நூறு பயிற்சித்தாளின் வேலை முடிந்தது. ஆயினும் நம் கல்விக்கூடங்களில் தமிழாசிரியரும் ஆங்கிலவாசிரியரும் ஒரே அறையில் தேநீர் அருந்துகின்றனர். எச்சத்தைப் பற்றி ஒருவரோடொருவர் பேசிக்கொண்டதாக யான் கேட்டதில்லை.

ஆங்கிலவாசிரியர் சிலர் தமிழைப் பகையெனக் கருதி, "தமிழில் நினையாதே" என்று மாணாக்கனை அதட்டுவர். தோட்டத்து லயத்திற் பிறந்து, தமிழிலே நினைத்து வளர்ந்த பிள்ளை வேறு எதில் நினைக்கும்? மலைநாட்டிலிருந்து ஆங்கிலத்தில் எழுதிப் புகழ்பெற்ற ஸி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்தில் பிறந்து, தோட்டத்து மக்களின் நாட்டுப் பாடல்களையே செவியில் நிறைத்து வளர்ந்தவர். தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாக 1947இல் பாராளுமன்றஞ் சென்றவர். அவருடைய ஆங்கிலம் தமிழை அஞ்சி ஓடிய ஆங்கிலமன்று. இரண்டு மொழியின் எல்லைக்கற்களையும் அறிந்தவனே இரண்டிலும் தடையின்றி நடப்பான். அதட்டுதலினும், தமிழ் வாக்கியம் ஒன்றையும் அதன் ஆங்கில வாக்கியத்தையும் கரும்பலகையில் அருகருகே எழுதி, முற்றுக்களின் கீழ்க் கோடிடுவித்தல் பயனுடைத்து. தமிழில் ஒரு கோடு விழும் இடத்தில் ஆங்கிலத்தில் நான்கு விழுதலைப் பிள்ளை தன் கண்ணாற் காணும். நான்கு கோட்டுக்கும் நான்கு கணக்குக் கேட்கப் பழக்குதல் அடுத்த படி: இது தனித்து நிற்கின்றதா, எதனோடேனும் கட்டப்பட்டதா, கட்டிய கயிறு எங்கே?

இனி அக்கடிதத்திற்கு மீள்வாம். திருத்தும் வேலையை யான் செய்யாது, மகனையே செய்யுமாறு இருத்தினேன். முதலில் தாம் சொன்ன தமிழ் விடையை ஒரு தாளில் எழுதினார். 'செய்து' வாய்பாட்டு எச்சங்களின் கீழ் ஒரு கோடும், 'செய' வாய்பாட்டின் கீழ் இரு கோடும் இட்டார். இரு கோடு விழுந்த இடத்தில் ஆங்கில வாக்கியத்தை முடிக்கவேண்டும் என்பது எம்முள் ஏற்பட்ட உடன்படிக்கை. ஏனெனின் அங்கேதான் வினைமுதல் மாறுகின்றது. மயக்கம் பிறப்பதும் அங்கேயே.

முதல் வாக்கியத்தில் தந்தை கீழ்ப்பிரிவில் உழைத்தமையும், எந்த ஆண்டு முதல் உழைத்தார் என்பதும் வந்து முடிந்தன. இரண்டாவது '1986' என்று தொடங்கிற்று. நோயையும் ஒரு மாதத்தில் மீண்டமையையும் 'அண்ட்' கட்டிற்று. கைக்காசு என்பதற்கு ஆங்கிலம் யாது என்று சிறிது நேரம் வாதிட்டோம். நாளாந்தக் கூலிக்கு, பெயர் பதியாது, வேலை செய்தார் என விரித்தெழுதுவதே தக்கது எனத் துணிந்தோம். அது தனி வாக்கியமாயிற்று. அதன்பின், 'ஹிஸ் நேம் வோஸ் என்ட்டர்ட் இன் தி செக்ரோல் ஒன்லி ஆஃப்டர் டூ யியர்ஸ்' என்பது வந்தது. மிதந்த ஓடம் ஈற்றிற் கட்டப்பட்டது. 'ஒன்லி' என்பது அவருடைய 'கழித்துத்தான்' என்பதிலுள்ள தேற்றேகாரப் பொருளைத் தாங்கி நின்றது. அதனைச் சேர்த்தவர் அவரே, எனக்குத் தோன்றவில்லை.

ஐந்தாவது வாக்கியம் தொலைந்த அட்டையைப் பற்றியது. அதனை எழுதத் தொடங்கியவர் எழுதுகோலை நிறுத்தி, "ஐயா, அட்டையைத் தொலைத்தது யார் என்று இதில் வரவில்லையே" என்றார். 'தி கார்ட் வோஸ் லொஸ்ட்' என்பதில் வினைமுதல் இல்லை என்பதனை அவர் அப்பொழுதே கண்டார். தமிழிலும் 'தொலைந்துபோச்சு' என்றே அவர் சொல்லியிருந்தார். யார் தொலைத்தார் என்று தந்தையைக் கேட்டுவருதற்காகத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மாலை வண்டியிலே மலைக்கு ஏறினார்.